மலைச் சாமை விதை நம்ம சொத்து!

(கலசப்பாக்கம் விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



ஒடிசாவில் வெள்ளம் புகுகிற வயல்களில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக 'தால்புட்டியா' என்ற நெல்லைக் காப்பாற்றி வந்தார்கள். அதிலிருந்து தேர்வு செய்த ரகம் எஃப்.ஆர். 13ஏ. இரண்டு வாரம் தண்ணியில மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்தைத் தருகிற மரபணுவை 2006-ல் விஞ்ஞானிகள் அடையாளம் காட்டினார்கள். நம்ம டெல்டாவில் நடுகிற சி.ஆர். 1009 சப்-1 நெல்லுக்குள்ள இருக்கறது அதுதான். விதையைக் காத்த குடியானவன் பேர் யாருக்காவது தெரியுமா?

அதே கதை இங்கே நடக்கலாமா? ஜவ்வாது மலைச் சரிவில் மழையை மட்டும் நம்பி விளைகிறது நம்ம சாமை. காய்ச்சலைத் தாங்குற அந்தக் குணம் விதைக்குள்ளதான் இருக்கு. அத்தியந்தலில் சிறுதானிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆராயட்டும், வேண்டாம்னு சொல்லலை. விதை கொடுத்த ஊர் பேரும் பதிவாகணும்!

இது பிச்சை இல்லை, உரிமை. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வந்தது 2001-ல். விதையைச் சேமிக்கலாம், மாத்திக்கலாம், விற்கலாம். கம்பெனி மாதிரி முத்திரை போட்டு விதையாக விற்கத்தான் கூடாது. பாரம்பரிய ரகத்தை விவசாயியே பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது.

நாம கேட்பது:

* மலையூர்களுக்கு அதிகாரிகள் வந்து சாமை ரகங்களை ஊர் பேரில் பதிவு செய்யணும்!
* கலசப்பாக்கத்திலும் ஜமுனாமரத்தூரிலும் விதை வங்கி வேணும்!
* சாமைக்குக் கட்டுப்படியான விலை வேணும்!

அதுவரைக்கும், வீட்டுக்கு ஒரு படி விதையாவது எடுத்து வையுங்க. விதை போச்சுன்னா வழக்குப் பேசக்கூட நம்மகிட்ட ஒண்ணும் மிஞ்சாது.