ஒரே நெருப்பு, இரண்டு வேலை



மாலை மயங்கியதும் வீட்டில் விளக்கின் விசையைத் தட்டுகிறோம். கணப்பொழுதில் ஒளி பிறக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் கிடைப்பதாகும். எரிவாயு எவ்வாறு மின்சாரமாகிறது என்பதை இன்று காண்போம்.

திரங்கானு கடற்கரைக்கு அப்பால், தென்சீனக் கடலின் அடியில் இவ்வாயு புதைந்து கிடக்கிறது. அதனைக் குழாய் வழியே கெர்த்தேவுக்குக் கொணர்ந்து, நீரையும் பிற பொருள்களையும் பிரித்தெடுத்தபின் மின் நிலையங்களுக்கு அனுப்புகின்றனர். தீபகற்ப எரிவாயுத் திட்டத்தின் முதற்கட்டம் 1984ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அந்த வாயுவைக் கொண்டு இயங்குவதற்கென அமைக்கப்பட்டதே பாக்கா மின் நிலையம்.

இத்தகைய நிலையத்தில் முதலில் வெளிக்காற்றை உள்ளிழுத்து அழுத்துகின்றனர். அழுத்தப்பட்ட காற்றோடு எரிவாயு கலந்து எரிகிறது. 1,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்துடன் சீறிப் பாயும் புகை, டர்பைன் எனப்படும் சுழலியின் தகடுகளைத் தள்ளுகிறது. பெரிய சுழலிகள் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கின்றன. அதனோடு இணைந்த காந்தம் செப்புக் கம்பிச் சுருள்களின் நடுவே சுழலும்போது, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இந்த இயற்கை விதியை 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார்.

வேலை இத்துடன் முடிந்ததா? இல்லை. வெளியேறும் புகையில் இன்னமும் 500 டிகிரிக்கு மேல் வெப்பம் உண்டு. அதை வானில் விட்டுவிட்டால் எரிவாயுவின் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகும். சோறு வடித்த அடுப்பின் தணலிலேயே வெந்நீர் வைக்கும் தாயைப் போல, பொறியாளர்கள் அப்புகையைக் கொதிகலனுக்குள் செலுத்தி நீரை ஆவியாக்குகின்றனர். அந்த நீராவி இரண்டாவது சுழலியைச் சுழற்றி மேலும் மின்சாரம் தருகிறது. பாக்காவில் கையாளப்பட்டதும் இம்முறையே. இன்றைய சிறந்த நிலையங்களில், எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காடு மின்சாரமாகிறது.

நண்பர்களே! பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு, அவ்விடத்தில் கன்று நட்டு வளர்த்தவர்கள் நாம். எரிவாயுவுக்கோ மறுநடவு இல்லை. பல மில்லியன் ஆண்டுகளில் உருவான அது, எரிந்தால் தீர்ந்தது. புகையின் சூட்டைக்கூட வீணாக்காமல் பெறப்படும் மின்சாரத்தை, ஆளில்லாத அறையில் எரியும் விளக்கிலும் சுழலும் விசிறியிலும் நாம் வீணாக்கலாமா?

வெளியே செல்லுமுன் விசையை அணையுங்கள். கட்டணமும் குறையும், நம் பிள்ளைகளின் பங்கும் காக்கப்படும். அப்பிள்ளைகள் அறிவியல் பயின்று, அத்தகைய நிலையங்களில் பொறுப்பேற்கும் நாளும் வரட்டும்.