தளபதியின் கையொப்பம்

அயல்படை ஆண்ட நாடுகளைப் பற்றி இரண்டு நாள் பேசப்போகும் இக்கருத்தரங்கின் தொடக்க உரைக்கு ஒரே ஒரு மனிதரின் பணிவாழ்வை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொடியவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒருவரைத் தேர்ந்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். ஆனால் அதிலிருந்து நாம் கற்பது குறைவு. 1940 மே மாத இறுதி முதல் 1944 ஜூலை வரை பெல்ஜியத்தையும் அதோடு சேர்க்கப்பட்ட வட பிரான்சின் நோர், பா-த-கலே மாவட்டங்களையும் ஜெர்மனியின் இராணுவ ஆளுநராக இருந்து ஆண்ட அலெக்சாண்டர் வான் ஃபால்கன்ஹவுசன் வேறு வகையைச் சேர்ந்தவர். ஹிட்லருக்கு எதிரான சதியாளர்களோடு தொடர்பு வைத்திருந்தார். ஹிட்லரின் சிறைகளிலும் டாஹவ் முகாமிலும் அடைபட்டார். மரண தண்டனைக்குக் காத்திருந்த பலரை விடுவித்தார். இவற்றுள் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. அவருடைய நேர்மையும் இரக்கமும் உண்மையானவை என்றே வைத்துக்கொள்வோம். அவ்விரண்டும் அந்த ஆட்சியைத் தடுத்தனவா, அதை நடத்திக்கொடுத்தனவா என்பதே என் கேள்வி. நடத்திக்கொடுத்தன என்பது நான் வந்தடைந்த முடிவு.

1878இல் சைலீசியாவில் பிறந்த இவர் முதல் உலகப் போருக்கு முன் தோக்கியோவில் ஜெர்மன் இராணுவத் தூதுவராக இருந்தவர். போரின்போது ஒட்டோமான் படைகளோடு பாலஸ்தீனக் களத்தில் பணியாற்றினார். ஓய்வு பெற்ற பிறகு 1934இல் சீனாவுக்குச் சென்று சியாங் கை ஷேக்கின் இராணுவ ஆலோசகரானார். ஜப்பான் படையெடுத்தால் நிலத்தை விட்டுக்கொடுத்துப் போரை நீட்டி எதிரியைக் களைப்படையச் செய்ய வேண்டும் என்று 1935இலேயே எழுதிக்கொடுத்தவர் அவர். 1938இல் ஜப்பானோடு உறவை இறுக்கிய பெர்லின் அவரைக் கட்டாயப்படுத்தித் திருப்பி அழைத்தது. சீனாவின் போர்த்திட்டங்களை யாரிடமும் வெளியிடமாட்டேன் என்று சொல்லிவிட்டே கிளம்பினார். சுருங்கச் சொன்னால், படையெடுத்து வருபவனின் நோக்கையும் அதற்கு ஆளாகும் நாட்டின் நோக்கையும் ஒருங்கே அறிந்த தளபதி. அவருடைய சிற்றப்பன் முறையான லுட்விக் வான் ஃபால்கன்ஹவுசன் 1917-18இல் இதே பெல்ஜியத்தை இதே பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆண்ட தலைமை ஆளுநர். முதல் போரில் பெல்ஜியத் தொழிலாளரை ஜெர்மனிக்குக் கட்டாயமாக இழுத்துச் சென்றது உலகெங்கும் என்ன கெட்ட பெயரைத் தேடித்தந்தது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாத செய்தியாக இருந்திருக்க முடியாது. அறியாமை என்ற சாக்கு இவருக்குப் பொருந்தாது என்பதற்காகவே இவ்வளவையும் சொல்கிறேன்.

பெல்ஜியத்தில் அவர் கையாண்ட முறையின் பெயர் மேற்பார்வை நிர்வாகம். அமைச்சரவை லண்டனுக்குப் போய்விட்டது. அரசர் மூன்றாம் லியோபோல்ட் சரணடைந்து லாக்கன் அரண்மனையில் காவலில் இருந்தார். துறைகளை நடத்தியவர்கள் பொதுச் செயலர்கள் எனப்பட்ட உயர் அதிகாரிகள். 1940 மே 10ஆம் நாள் சட்டம் அவர்களுக்கு அவசரகால அதிகாரம் தந்திருந்தது. அவர்கள் ஆளட்டும், நாம் மேலிருந்து பார்ப்போம் என்றது இராணுவ நிர்வாகம். அதன் குடிமைப் பிரிவின் தலைவர் எக்கர்ட் ரீடர் மிகத் திறமையான அதிகாரி. அன்றாட ஆட்சி அவர் கையில்தான் இருந்தது. இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. குறைந்த ஆட்களைக் கொண்டு ஒரு தொழில் நாட்டை ஓட்ட முடிந்தது ஜெர்மானியருக்கு. நிலக்கரியும் உருக்கும் கிடைத்தன. பெல்ஜிய அதிகாரிகளுக்கோ, 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 43ஆம் விதி மதிக்கப்படுகிறது என்ற ஆறுதல் இருந்தது. ஆக்கிரமித்தவன் நாட்டின் நடப்புச் சட்டங்களை, முற்றிலும் இயலாதபோது தவிர, மதித்து நடக்க வேண்டும் என்பது அவ்விதி. ஆனால் மேற்பார்வை என்ற சொல் காட்டும் அளவுக்குக் கை விலகியிருக்கவில்லை. 1941 மார்ச்சில் வந்த வயது வரம்பு ஆணை அறுபது கடந்த அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பியது. பார்வைக்குச் சாதுவான ஓய்வூதிய ஆணை. காலியான நாற்காலிகளில் பல, பிளெமிஷ் தேசியவாதிகளுக்கும் பாசிச ரெக்சியக் கட்சியினருக்கும் போயின. அடுத்த மாதமே பிளெமிஷ் தேசியவாதியான ரோம்சே உள்துறைப் பொதுச் செயலர் ஆனார். பிற்காலத்தில் காவல்துறையை ஏவ வேண்டிய துறை அது.

வழக்கின் முடிச்சு 1940 அக்டோபரில் இருக்கிறது. யூதர்களைப் பதிவு செய்யும் சட்டத்தைப் பொதுச் செயலர்களே பிறப்பிக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. அவர்கள் மறுத்தார்கள், பெல்ஜிய அரசியலமைப்பு அதற்கு இடம் தரவில்லை. நாட்டின் சட்டத்தை மதிக்கும் ஆளுநருக்கு இதைவிடத் தெளிவான தடை வேண்டியதில்லை. ஆயினும் அக்டோபர் 28ஆம் தேதி ஆணைகள் ஜெர்மன் ஆணைகளாக, ஆளுநரின் பெயரில் வெளிவந்தன. நாங்கள் பிறப்பிக்கமாட்டோம், நீங்கள் பிறப்பித்தால் நிறைவேற்றத் தடையாக நிற்கமாட்டோம் என்ற இடத்துக்கு அதிகாரிகள் வந்து நின்றார்கள். நகராட்சி எழுத்தர்கள் பதிவேடு திறந்தார்கள். பிறகு வந்த ஒவ்வொன்றும் அந்தப் பதிவேட்டின் மேல் கட்டப்பட்டது: 1942 மே 27இல் மஞ்சள் நட்சத்திர ஆணை, ஆகஸ்ட் 4இல் மெக்கெலன் நகரின் டோசின் படைவீட்டிலிருந்து ஆஷ்விட்சுக்கு முதல் ரயில், அக்டோபர் முடிவதற்குள் பதினேழு ரயில்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் மொத்தம் 25,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். உயிரோடு திரும்பியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில். 1942 அக்டோபர் 6ஆம் தேதி ஆணையால் ஜெர்மனியில் வேலை செய்வதும் கட்டாயமானது. முதல் போர்க் காலத்துப் புண் மீண்டும் கீறப்பட்டது. அந்த ஆண்டின் கடைசியிலிருந்து, எதிர்ப்பியக்கத் தாக்குதல்களுக்குப் பதிலாகப் பணயக் கைதிகளைச் சுடுவதும் வழக்கமாயிற்று. சுடப்பட்டோர் சுமார் 240 பேர். கூட்டுத் தண்டனையை ஹேக் உடன்படிக்கையின் 50ஆம் விதி தடுக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, வலுவானது: அண்டை நாடான நெதர்லாந்தில் நாஜிக் கட்சிக்காரரான சைஸ்-இன்குவார்ட் குடிமை ஆளுநராக ஆண்டார், அங்கே யூதர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அழிந்தார்கள். பெல்ஜியத்தில் பாதிக்கும் குறைவு. இராணுவ ஆளுநர் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையைத் தள்ளி நிறுத்தியதால் வந்த வேறுபாடு இது என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. பெல்ஜியக் குடியுரிமை பெற்ற யூதர்களுக்கு 1942இல் நிர்வாகம் விலக்கு வாங்கித் தந்தது. ஆனால் பெல்ஜியத்திலிருந்த யூதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அக்குடியுரிமை இல்லாதவர்கள். சிலருக்கு வாங்கிய விலக்கு மற்றவர்களைக் கொண்டுபோவதை எளிதாக்கியது. விலக்கும் 1943 செப்டம்பரில் காலாவதியானது. இன்னொரு கணக்கு இதைவிடத் தெளிவானது. ஆண்ட்வெர்ப் யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நாடுகடத்தப்பட்டார்கள். பிரஸ்ஸல்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இரு நகரங்களுக்கும் ஆளுநர் ஒருவரே, ஆணைகளும் அவையே. பிரஸ்ஸல்ஸ் வட்டார மேயர்கள் 1942 ஜூனில் நட்சத்திரங்களை விநியோகிக்க மறுத்தார்கள். ஆண்ட்வெர்ப்பில் அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் ஓர் இரவு உள்ளூர்க் காவலர்களே வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். எண்ணிக்கையை மாற்றியது கீழே இருந்தவர்களின் இணக்கமும் மறுப்பும், ஒளித்து வைத்த அண்டை வீட்டாரும். ஒரே ஆட்சிக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, நெதர்லாந்தோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் நற்சான்றிதழை அப்படியே தளபதிக்குக் கொடுத்துவிட இயலாது.

இரண்டாவது மறுப்பு: அவர் விலகியிருந்தால் அவரைவிட மோசமானவர் வந்திருப்பார். ஆக்கிரமிப்பு அதிகாரிகள் அனைவரும் சொன்ன சொல் இது. எல்லாரும் சொன்னார்கள் என்பதாலேயே பொய்யாகிவிடாது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள். போலந்தில் தளபதி பிளாஸ்கோவிட்ஸ் எஸ்.எஸ். கொலைகளை எதிர்த்து எழுத்தில் முறையிட்டார். பதவி பறிபோனது, தலை போகவில்லை. பாரிசில் இராணுவ ஆளுநரான ஓட்டோ வான் ஸ்டுல்ப்னாகல் பெருந்தொகையாகப் பணயக் கைதிகளைச் சுட மனமின்றி 1942 பிப்ரவரியில் விலகினார். அவரும் புனிதர் அல்லர். அதற்கு முன் சுட ஆணையிட்டவர்தான். ஆயினும், ஓர் எல்லைக்கு அப்பால் கையொப்பமிட மறுத்து வெளியேறத் தளபதிகளால் முடிந்தது என்பதற்கு அவரே சான்று. அவர் விலகியதால் பாரிசில் கொலை நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் விலகுவதால் என்ன பயன்? என் பதில் பயனைப் பற்றியதாக இல்லை. கண்ணியமான தளபதி மேலே இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் பொதுச் செயலர்களையும் நகராட்சி எழுத்தர்களையும் நாற்காலியில் இருக்க வைத்தது. கட்சிக்காரர் ஒருவர் வந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் எழுந்து போயிருப்பார்கள்? இதை யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் ‘மோசமானவர் வந்திருப்பார்’ என்று சொல்வோர் அக்கேள்வியைக் கேட்பதே இல்லை.

மூன்றாவது, அவர் காப்பாற்றிய உயிர்கள். சீனாவில் அவர் பழகிய ஓர் இராணுவ அதிகாரியின் உறவினரான சியென் சியூலிங் என்ற பெண்மணி பெல்ஜியத்தில் மணமுடித்து வாழ்ந்தார். கைதானவர்களின் குடும்பத்தார் அவரிடம் வந்து அழ, அவர் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்த் தளபதியைச் சந்தித்தார். 1944 ஜூனில் எக்கொசின் ஊரில் கெஸ்டாப்போ ஆட்கள் கொல்லப்பட்டதற்குப் பழியாகப் பிடிக்கப்பட்டவர்களுக்காகவும் அவர் பரிந்து பேசினார். நூறு பேர் அளவில் பிழைத்தார்கள். பெரிய செயல், அந்தப் பெண்மணிக்குப் பெல்ஜியம் இன்றும் நன்றி பாராட்டுவது முறையே. ஆனால் ஆட்சிமுறையை ஆராய்கிறவர் இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கதவு. தளபதியின் அறைக்குள் போக வழி இருந்தவர்களுக்கு உயிர் கிடைத்தது. சீனத்து நட்பின் கயிற்றைப் பிடித்து ஏற மெக்கெலன் படைவீட்டில் இருந்த போலந்துத் தையல்காரருக்கு வழியில்லை. சட்டப்படி யாரும் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக இருந்திருக்க வேண்டியது, ஒருவரின் நல்ல மனத்தைப் பார்த்துக் கேட்கும் சிபாரிசாகச் சுருங்கிவிட்டது. கூட்டுத் தண்டனை நாட்டின் நடைமுறை ஆகிவிட்டதால்தான் விடுவிப்பு வள்ளன்மையாகத் தெரிந்தது.

1944 ஜூலையில் ஹிட்லர் இராணுவ நிர்வாகத்தைக் கலைத்து, கட்சிக்காரரான குரோவேயை ஆளுநராக்கினார். ஹிட்லரைக் கொல்ல நடந்த ஜூலை 20 சதி தோற்றதும் ஃபால்கன்ஹவுசன் கைதானார். போர் முடியும் தறுவாயில், பிரான்சின் முன்னாள் பிரதமர் லியோன் புளூம் முதலியோரோடு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் விடுதலையானவர், 1948இல் பெல்ஜியத்திடம் ஒப்படைக்கப்பட்டார். பிரஸ்ஸல்ஸ் இராணுவ நீதிமன்றம் 1951 மார்ச்சில் பணயக் கைதிகளைச் சுட்டதற்கும் நாடுகடத்தல்களுக்கும் பன்னிரண்டு ஆண்டுக் கடுங்காவல் விதித்தது, எஸ்.எஸ். கைக்கு நாடு போகாமல் தடுக்க முயன்றதையும் கருத்தில் கொண்டது. ஏற்கெனவே சிறையில் கழித்த காலத்தைக் கணக்கிட்டு மூன்று வாரத்துக்குள் விடுவிக்கப்பட்டார். 1960இல் பெல்ஜிய எதிர்ப்பியக்கத்தில் இருந்த ஒரு பெண்மணியை மணந்தார், 1966இல் மறைந்தார். நாடகம்போல முடியும் இவ்வாழ்க்கையை நாடகமாகவே எழுதிவிடும் ஆசை வரலாற்றாசிரியர்களை விட்டபாடில்லை. 2007இல் பெல்ஜிய மேலவை கேட்டு வெளிவந்த ஆய்வறிக்கை அந்த ஆசைக்கு இடங்கொடுக்காமல், தளபதியை விட்டுவிட்டு நகராட்சிகளையும் காவல் நிலையங்களையும் தேடிப் போனது. பணிந்து போன பெல்ஜியம் என்ற பொருளில் அது தனக்கு வைத்துக்கொண்ட பெயரே போதும்.

இந்த அமர்வுகளுக்கு வந்திருக்கும் கட்டுரைகளில் ஆளுநர்களின் குணநலனைப் பேசுபவை பல உண்டு. கட்டுரையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. ஆளுநரின் நாட்குறிப்பையும் நண்பர்களின் சாட்சியத்தையும் படிக்கும் மேசையிலேயே, அவர் கையொப்பமிட்ட ஆணைகளின் அரசிதழையும் அந்த ஆணை போய்ச் சேர்ந்த ஏதேனும் ஒரு நகராட்சியின் பதிவேட்டையும் திறந்து வையுங்கள். ஆணை எந்தத் தேதியில் கிளம்பியது, எந்த எழுத்தர் அதை எந்தத் தேதியில் நிறைவேற்றினார், யார் நிறைவேற்ற மறுத்தார் என்று பாருங்கள். முதல் அமர்வின் கட்டுரைகளை இனிக் கேட்போம்.