நிலத்தடியில் செலுத்தப்படும் கழிவுநீரும் சட்டத்தின் காவலும்

(உரையின் வடிவம்)

ஆற்றில் கலக்கும் கழிவு கண்ணுக்குத் தெரியும். கிணற்றின் வழியே பூமிக்குள் இறங்கும் கழிவோ பல ஆண்டுகளுக்குப் பின்னர், வேறொருவருடைய குடிநீரில்தான் வெளிப்படும். நிலத்தடி நீரைக் காக்கும் சட்டம் கிணற்றின் வாயிலேயே காவல் நிற்க வேண்டியதன் காரணம் இதுவே.

இதனை உணர்வதற்குக் கோலார் தங்கவயல் தக்க உதாரணம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றதும் சுரங்கங்களில் நீர் நிரம்பியது. மேலே, தங்கம் பிரித்த பின் எஞ்சிய சயனைடு மண் மேடுகள் குன்றுகளாக நிற்கின்றன. கைவிடப்பட்ட சுரங்கம் கழிவுக்கு எளிய புகலிடம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. கூடங்குளம் வழக்கு நடைபெற்ற 2012-ஆம் ஆண்டில், அணுக்கழிவு இங்குக் கொண்டுவரப்படும் என்ற செய்தி பரவியதும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அத்தகைய திட்டம் ஏதுமில்லை என்று அரசுத் தரப்பில் விளக்கம் அளிக்க நேர்ந்தது.

சட்டம் கூறுவது

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ‘நீரோடை’ என்னும் சொல்லுக்குள் நிலத்தடி நீரையும் அடக்குகிறது. அதன் 24-ஆம் பிரிவு, நச்சுப்பொருளை அறிந்தே நீரோடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடுவதைத் தடை செய்கிறது. கழிவை வெளியேற்றுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு வேண்டுமென்கிறது 25-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து, 1997-இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைக்கப்பட்டது. கர்நாடகமும் 2011-இல் நிலத்தடி நீருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் கீழ், கழிவு செலுத்தும் கிணறுகள் ஆறு வகைகளாகப் பிரிக்கப்பட்டு, வகைதோறும் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அந்நாடு இதற்கு முன்பே பாடம் கற்றிருந்தது. டென்வர் நகருக்கு அருகே, சுமார் 3,670 மீட்டர் ஆழக் கிணற்றில் 1962 முதல் இராணுவ இரசாயனக் கழிவு செலுத்தப்பட்டது. நில அதிர்வுகள் தொடர்ந்ததால் 1966-இல் அது நிறுத்தப்பட்டது. பாறை வெடிப்புகளால் பல தொழிலாளர்களை இழந்த தங்கவயலுக்கு இப்பாடம் அந்நியமன்று.

ஏரிகளில் வந்த நீர்

வற்றாத ஆறில்லாத கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டின. நிலத்தடி நீரை உயர்த்தும் நோக்குடன், பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் கீழ், இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்ட நீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். அவ்வாண்டிலேயே ஓர் ஏரியில் நுரை பொங்கியது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வறண்ட ஏரிகள் நிறைந்தது உழவர்களுக்கு உண்மையான நன்மை. ஆயினும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நைட்ரஜனையும் கன உலோகங்களையும் முழுவதும் நீக்குவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை அதிகாரிகள் மறத்தலாகாது. ஏரியின் மண் வழியே மெல்லக் கசியும் நீர் ஓரளவு வடிகட்டப்படுகிறது. ஏரிப் படுகையில் மூடாமல் விடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்றிருப்பின், அந்நீர் வடிகட்டலின்றி நேரே அடிநிலைக்கு இறங்கும். பெயர் எதுவாயினும், அது கழிவு செலுத்தும் கிணறே. அதற்கு உரிமமும் இல்லை, கண்காணிப்பும் இல்லை.

ஆகவே ஏரிகளை நிரப்புமுன் அவற்றிலுள்ள கிணறுகளைக் கணக்கெடுத்து அடைத்தல் வேண்டும். சுரங்க வாய்களுக்கும் இதே விதி பொருந்தும். சுற்றுவட்டாரக் குடிநீர்க் கிணறுகளைக் குறித்த காலங்களில் சோதித்து, முடிவுகளை ஊராட்சிகளில் வெளியிடல் வேண்டும். பேத்தமங்கலத்தைக் கடந்து ஆந்திரம் வழியாகத் தமிழகம் புகும் பாலாறும் இம்மாவட்டத்தின் வழியே வருவது. பாதுகாப்பின் பயன் மாநில எல்லையோடு நிற்பதில்லை. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால், அதனைத் தூய்மைப்படுத்துவது பெரும்பாலும் அரசின் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டது. கெடாமல் தடுப்பதே சட்டத்தின் முதற்கடமை.