மட்டாஞ்சேரியின் முன்மண்டபம்



சென்ற திங்கள் வீரமாமுனிவரைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது இளங்கவிஞர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, தமிழுக்கு எவரும் வரலாம், யூத சமயத்திற்கும் அப்படி வரலாமா?" வரலாம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு வீடு திரும்பினேன். அவ்விடை பாதிதான் என்பது வழியிலேயே உறைத்தது. மீதிப் பாதியை இன்று கூற வந்திருக்கிறேன்.

யூதருள் ஆசாரப் பிரிவினர், தாய் யூதராயின் பிள்ளையும் யூதர் என்பர். வெளியிலிருந்து வருவோர் மூவர் அடங்கிய சமய மன்றத்தின் முன் கட்டளைகள் அனைத்தையும் ஏற்று, நீரில் மூழ்கி எழ வேண்டும். ஆடவர்க்கு விருத்தசேதனமும் உண்டு. கன்சர்வேடிவ் பிரிவினரும் இச்சடங்குகளைக் கைவிடவில்லை. ஆயினும் அவர்தம் மன்றத்தை ஆசாரப் பிரிவினர் ஏற்பதில்லை. அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவினரோ, 1893இல் இச்சடங்குகள் கட்டாயமல்ல என்றனர். 1983இல் தந்தைவழிப் பிள்ளையையும், யூதராய் வளர்ந்தால், யூதரென ஏற்றனர். ஒரு வாயிலில் யூதராய் நுழைந்தவர் அடுத்த வாயிலில் அயலாராய் நிற்க நேர்வது இதனாலேதான்.

ஏட்டில் உள்ளது இவ்வளவே. வாழ்வில் நிகழ்ந்ததை அறியக் கொச்சிக்குத்தான் செல்ல வேண்டும்.

ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குப் பல்லக்கு, குடை, பகல்விளக்கு முதலிய சிறப்புரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. நம் முன்னோர் எழுத்து! மாற்றாரை இவ்வாறு வரவேற்ற மண்ணில், வந்தவர்க்குள்ளேயே படிகள் முளைத்தன. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசி ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் முன்மண்டபத்திலோ தரையிலோதான் அமர வேண்டியிருந்தது. அவர்கள் முறைப்படி சமயத்துள் வந்தவர்களின் பிள்ளைகள். பிறந்தது முதல் யூதர். கொச்சியில் ஒரு சாரார் மறு சாராரை அடிமை வழியினர் என ஒதுக்கிய வழக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் சமய அறிஞர் தாவீது இபின் சிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீரில் மூழ்கி எழுந்த பின் மணவுறவுக்குத் தடையில்லை என அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது, வழக்கம் போகவில்லை.

அந்த வழியில் வந்தவர் ஆபிரகாம் பாரக் சாலெம். சென்னையில் சட்டம் பயின்றவர். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் ஆலயத்திற்குள்ளேயே கொண்டுசென்றவர். சட்டநூல் அவர் பக்கம் நின்றது. இருக்கை மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு படியையும் போராடித்தான் பெற்றார்.

மும்பையிலோ 1925இல் மருத்துவர் ஜெருஷா ஜிராத் அம்மையார் தாராளப் பிரிவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெனே இஸ்ரவேலரின் மணவுறவு பற்றி 1960களின் தொடக்கத்தில் இசுரேலின் தலைமைக் குருமார் ஐயம் எழுப்பினர். அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று 1964இல் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. மணிப்பூர், மிசோரம் மக்களான பினே மெனாசேயரை 2005இல் தலைமைக் குரு இசுரவேல் வழியினர் என ஏற்றார். ஆயினும் முறைப்படி சமயம் மாறவும் பணித்தார். வழியினர், ஆயினும் மாறுக! இந்த 'ஆயினும்' என்னை உறங்கவிடவில்லை.

இசுரேலில் சீர்திருத்தப் பிரிவினரும் கன்சர்வேடிவ் பிரிவினரும் செய்யும் மாற்றம் குடியுரிமைக்குச் செல்லும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. திருமணம் இன்னும் ஆசாரக் குருமார் கையில்தான்.

1948க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இசுரேல் சென்றனர். அவர்கள் குடியேற உழைத்தவர்களுள் ஒருவரான சாலெம் தாம் செல்லவில்லை. 1967இல் கொச்சியிலேயே மறைந்தார்.