பக்கத்தில் இருப்பவர்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் இன்று ஒரு பியானோக் கலைஞரைப் பற்றிப் பேசப் போகிறேன். மடத்துவெளிக்கும் பியானோவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எங்கள் பாடசாலையில் இருந்தது ஒரு பழைய ஆர்மோனியம்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆண்டு ஆறில் படிக்கும்போது ஒரு பாட்டுப் போட்டி. என் தோழி பாடினாள், நான் ஆர்மோனியம் வாசித்தேன். சரணத்தில் அவளுக்கு அடி மறந்துபோயிற்று. நான் சுருதியை விடாமல் பிடித்து, முந்தின அடியின் மெட்டையே இன்னொரு முறை வாசித்தேன். அதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு முதற் பரிசு கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அழுதேன். மறுநாள் சங்கீத ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, அவள் விட்ட இடத்தை நீ பிடிச்சாய். நான் கேட்டனான்" என்றார். அவ்வளவுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் ஊர் இடம்பெயர்ந்தது. ஆர்மோனியம் என்ன ஆயிற்றோ தெரியாது. அந்தத் தோழியையும் நான் பிறகு காணவில்லை. ரீச்சரின் சொல் மட்டும் என்னோடு தாம்போதி கடந்து வந்தது.

பல ஆண்டுகள் கழித்து, இரவுக் கடமை முடிந்த ஒரு விடியற்காலையில், இற்சாக் பேர்ள்மனின் வயலின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். பேர்ள்மன் 1945இல் பிறந்தவர். நான்கு வயதில் போலியோ வந்து கால்கள் பாதிக்கப்பட்டு, இருந்தபடியே வாசித்து உலகப் புகழ் பெற்றவர். ஆனால் அன்று என் காது போனது பியானோ பக்கம். வாசித்தவர் யார் என்று பார்த்தேன். ரொஹான் டி சில்வா. நம் இலங்கையர்!

அவருக்கு முதற் குரு அவருடைய தாயார் பிரிம்றோஸ் டி சில்வா. பின்னர் மேரி பிலிமோரியாவிடம் கற்றார். இலண்டன் றோயல் அக்கடமியில் படித்தார். அதன்பின் இலங்கை ஜனாதிபதி நிதியத்தின் விசேட புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரிக்குப் போனார். அங்கே புகழ்பெற்ற வயலின் ஆசிரியை டொரதி டிலேயோடு நெருங்கிப் பணியாற்றினார். 1991 முதல் அதே கல்லூரியில் ஆசிரியராகவும் இருக்கிறார்.

பேர்ள்மனுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பியானோ வாசித்தவர் சாமுவேல் சாண்டர்ஸ். அவர் 1999இல் காலமானார். அதன்பின் உலகெங்கும் பேர்ள்மனின் கச்சேரிகளில் பியானோவில் இருப்பவர் ரொஹான்தான். 2007இல் எலிசபெத் மகாராணியார் வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது வாசித்ததும் இந்த இருவரே.

இவர் வேலை என்ன? வயலின்காரரின் தாளில் அவருடைய பகுதி மட்டும் இருக்கும். பியானோக்காரரின் தாளில் இரண்டு பகுதிகளும் அச்சாகியிருக்கும். ஆகவே மேடையில் இருவருடைய பங்கையும் கண்முன் வைத்திருப்பவர் பக்கத்தில் இருப்பவரே. வயலினில் வில் போகும் வரை ஒலி நீளும். பியானோவில் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் மற்றவரின் மூச்சையே கவனிக்க வேண்டும். பேர்ள்மன் கச்சேரியின் கடைசிப் பகுதியில், அச்சிட்ட நிரலில் இல்லாத உருப்படிகளை மேடையிலேயே அறிவித்து வாசிப்பார். எது வந்தாலும் பியானோ ஆயத்தமாக இருக்க வேண்டும்.

யார் முன்னால், யார் பக்கத்தில் என்பதும் காலத்துக்கும் இடத்துக்கும் மாறும். 1764இல் சிறுவன் மொசார்ட்டின் முதற் சொனாட்டாக்கள் அச்சானபோது அவை விசைப்பலகைக்கான இசை, வயலின்தான் துணை. ஐரோப்பாவில் முன்னுக்கு வந்த அதே வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். நம்மிடம் அது பக்கவாத்தியமாயிற்று. இன்னும் கிட்ட வருவோம். நாதஸ்வரத்துக்குத் தவில் துணை என்போம். ஆனால் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கவென்றே சனம் விடிய விடியக் கோயில் வீதியில் இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

நான் மயக்கமருந்து வைத்தியர். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்கள். என் பெயர் அநேகருக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டிருந்த கடைசி நிமிடம் அவர்கள் உறங்கிவிடுவார்கள்! தொடக்க காலத்தில் இது எனக்கு மனக்குறையாகவே இருந்தது. நோயாளியின் விரலில் மாட்டும் கருவி ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஓர் ஒலி தரும். இரத்தத்தில் ஒக்சிசன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். ஒரு நாள் நடுச் சத்திரசிகிச்சையில் அந்தச் சுருதி இறங்கியது. திரையைப் பார்க்கும் முன்பே என் காது பிடித்துவிட்டது. கை சுவாசக் குழாய்க்குப் போய்விட்டது. சில நொடிகளில் சரியாயிற்று. கத்தி பிடித்தவர் தலை நிமிரவும் தேவையிருக்கவில்லை. அன்றிரவு எனக்கு ரீச்சரின் குரல் கேட்டது: "நான் கேட்டனான்."

பக்கத்தில் இருப்பவருக்குப் புகழ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது முன்னால் இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. பெண்பிள்ளைகளுக்கு அதைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லி வளர்த்துவிட்டோம். 1990இல் மொஸ்கோவில் நடந்த சைக்கோவ்ஸ்கி சர்வதேசப் போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான சிறப்புப் பரிசு ரொஹான் டி சில்வாவுக்குக் கிடைத்தது. 2005இல், தமக்கு முன்னிருந்த சாமுவேல் சாண்டர்ஸின் பெயரில் அமைந்த விருதையும் பெற்றார். கவனித்துக் கேட்கிறவர்கள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரும் தெரிவார்.

ஆகவே சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். கட்டடங்களுக்கும் கணினிகளுக்கும் வெளிநாட்டுக் கிளைகள் கைகொடுக்கின்றன, மகிழ்ச்சி. அவற்றோடு ஓர் ஆர்மோனியமும் வாங்குவோம்; அதை என் பொறுப்பில் விடுங்கள். அடுத்த பரிசளிப்பு விழாவிலிருந்து, பாடுகிற பிள்ளையின் சான்றிதழோடு சுருதி பிடிக்கிற பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ் எழுதுவோம். நாடகத்தில் திரை இழுக்கிற பிள்ளையின் பெயரையும் வாசிப்போம்.

இந்த உரை மலரில் வரும் என்றார்கள். மலர் கடல் கடந்தும் போகும். எங்கோ ஓர் ஊரில் இதைப் படிக்கும் என் தோழிக்கு ஒரு சொல்: அன்று நீ நன்றாகத்தான் பாடினாய். பரிசு உனக்கே உரியது. ஆனால் சரணத்தில் என்ன நடந்தது என்று உனக்கும் எனக்கும் ரீச்சருக்கும் தெரியும். வந்தால் இன்னொரு முறை பாடு. நான் வாசிக்கிறேன்.