இழுவைப் படகும் ஒளிப்படக் கண்ணும்



துறைமுகம் என்றவுடன் மனக்கண்ணில் முதலில் வந்து நிற்பது பெருங்கப்பல். அதன் உயரமும் நீளமும் காண்போரின் பார்வை முழுவதையும் தமதாக்கிக் கொள்கின்றன. ஆழ்கடலில் அது அரசன். குறுகிய துறைக்குள் நுழைந்துவிட்டாலோ அதற்குத் துணை வேண்டும். திரும்புவதற்கும், நிற்பதற்கும், மேடையை நோகாமல் அணைவதற்கும் துணை வேண்டும். அத்துணையாக வருவது இழுவைப் படகு. துறைமுகத்தார் 'டக்' என்று சுருக்கமாக அழைக்கும் இச்சிறு கலம், கப்பலை எடுத்த படங்களில் ஓர் ஓரத்துக் கரும்புள்ளியாகவே நின்றுவிடுவது வழக்கம். அந்த ஓரத்தைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவர ஒளிப்படக் கலைஞர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டார்கள் என்பதை நியூயார்க் துறைமுகத்தின் வழியாகக் காண்பது கவிஞர்களுக்கும் பயன் தரும்.

ஒளிப்படத்திற்கு முன்னரே ஓவியம் இழுவைப் படகைக் கண்டுகொண்டது. 1805-இல் டிரஃபால்கர் போரில் பங்குகொண்ட டெமரேர் என்னும் பாய்க்கப்பல், 1838-இல் உடைக்கப்படுவதற்காகத் தேம்ஸ் ஆற்றின் வழியே இழுத்துச் செல்லப்பட்டது. அக்காட்சியை டர்னர் வரைந்து 1839-இல் காட்சிக்கு வைத்தார். ஓவியத்தில் கப்பல் வெளிறிய பேரழகோடு வருகிறது. முன்னால் செல்லும் நீராவிப் படகோ கறுத்துக் குறுகிப் புகை கக்குகிறது. உண்மையில் அன்று இழுத்தவை இரண்டு படகுகள். கப்பலின் பாய்மரங்கள் அதற்கு முன்பே கழற்றப்பட்டிருந்தன. ஓவியர் ஒரு படகை நீக்கினார். பாய்மரங்களை மீண்டும் நட்டார். மறையும் பெருமைக்கு எதிராக ஒரு கரிய உருவம் அவருக்குத் தேவைப்பட்டது. அதற்கான உரிமை தூரிகைக்கு உண்டு. ஒளிப்படக் கருவிக்கு அவ்வுரிமை குறைவு. இருப்பதை நீக்க இயலாத கலைஞன், தான் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். இல்லையேல் காத்திருக்க வேண்டும்.

நியூயார்க் நகரில் ஆல்ஃபிரட் ஸ்டிக்லிட்ஸ் 1910-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் நீரின் விளிம்பிலிருந்து வானளாவிய கட்டடங்கள் புகையும் ஒளியும் சூழ எழுகின்றன. நகரத்தின் பேராசையே அப்படத்தின் பெயரும் பொருளும் ஆகும். நீர் அங்கே நகரத்திற்குப் பீடமாக அமைகிறது. கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த பெரனிஸ் அபட் அம்மையாரின் நோக்கு வேறு. 1929-இல் பாரிசிலிருந்து திரும்பிய அவர், மாறிவரும் நியூயார்க் நகரைப் பதிவுசெய்வதைத் தம் பணியாக மேற்கொண்டார். 1935 முதல் அரசின் கலைத் திட்டத்தின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. ஈஸ்ட் ஆற்றின் 11-ஆம் துறைமேடையில் கட்டப்பட்டிருந்த இழுவைப் படகுகளை 1936-இல் அவர் படமெடுத்தார். வானளாவிகளை எடுத்த அதே கருவி, அதே பொறுமை, அதே மதிப்பு. 1939-இல் அவருடைய தொகுப்பு நூலாக வெளிவந்தது.

அவர் பதிவுசெய்த துறைமுகம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 சரக்குப் பெட்டகங்களுடன் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பெட்டகங்களை அடுக்க விரிந்த நிலம் வேண்டும். மன்ஹாட்டன் தீவில் அதற்கு இடமில்லை. துறைமுகத் தொழில் மெல்ல மெல்ல நியூ ஜெர்சிக் கரைக்குப் பெயர்ந்தது. மன்ஹாட்டனின் துறைமேடைகள் வெறிச்சோடின. நகர மக்கள் தம் துறைமுகத்தைக் காணும் வாய்ப்பையே இழந்தனர். காணாத தொழிலை மதிப்பது கடினம். அங்கேதான் ஒளிப்படத்தின் பொறுப்பு கூடுகிறது.

இன்று தொழிற்கலங்களைப் படமெடுக்க விரும்புவோர் நாடிச் செல்லும் இடம் கில் வான் கல் என்னும் நீரிணை. ஸ்டேட்டன் தீவுக்கும் பேயோன் நகருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இக்குறுகிய வழியேதான் பெட்டகக் கப்பல்கள் நெவார்க் விரிகுடாவை அடைகின்றன. 1931-இல் திறக்கப்பட்ட பேயோன் பாலம் இன்றைய கப்பல்களுக்குத் தாழ்வாகிப் போனது. எனவே 151 அடியாக இருந்த இடைவெளி 215 அடியாகும்படி அதன் சாலைத்தளம் உயர்த்தப்பட்டு, 2017 முதல் பெருங்கப்பல்கள் கடந்து செல்கின்றன.

நீரிணை கிழக்கு மேற்காகச் செல்வதால், தென்கரையில் நிற்பவருக்குச் சூரியன் பெரும்பாலும் முதுகுப்புறம் இருக்கும். கலங்களின் மேல் ஒளி நன்கு விழும். ஆயினும் ஒளி மட்டும் போதாது. கரிய உடலும் வெண்ணிற மேற்கட்டும் ஒரே கலத்தில் இருப்பதால், வெண்மைக்கு ஏற்ப அளந்தால் கருமையில் விவரம் மறையும். கருமைக்கு ஏற்ப அளந்தால் வெண்மை வெளிறிவிடும். படகின் முகப்பில் தொங்கும் பழைய டயர்களும், அதன் தேய்மானமும், தளத்தில் நிற்கும் மாலுமியின் கையுறையும் அக்கருமைக்குள்ளேதான் இருக்கின்றன.

வேலை தெரியாதவருக்கு இங்கே படம் வாய்ப்பதில்லை. கப்பலின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் இழுவைப் படகு அசைவற்றதுபோல் தோன்றும். அதன் பின்புறம் கொந்தளிக்கும் வெண்ணுரையைப் பார்த்தால்தான் அது முழு வலிமையோடு தள்ளுகிறது என்பது விளங்கும். வடம் தொய்ந்திருக்கும் நொடி வேறு. விறைத்து நிற்கும் நொடி வேறு. விறைத்த வடம் அறுந்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. அவ்வாபத்தை அறிந்தவர் எடுத்த படத்தில் வடம் ஒரு கோடாக நிற்பதில்லை. ஒரு மனிதனின் எச்சரிக்கையாக நிற்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, மன்ஹாட்டனின் தென்முனையில் மக்கள் நீருக்கும் புகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டனர். கடலோரக் காவல் படையின் வானொலி அழைப்பு துறைமுகமெங்கும் ஒலித்தது. இழுவைப் படகுகளும், பயணப் படகுகளும், மீன்பிடிப் படகுகளும் கரையை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் சுமார் ஐந்து இலட்சம் பேர் நீர்வழியே வெளியேற்றப்பட்டனர். 1931-இல் கட்டப்பட்டுப் பணி ஓய்வும் பெற்றுவிட்ட 'ஜான் ஜே. ஹார்வி' என்னும் தீயணைப்புப் படகு, நிலத்தடிக் குழாய்கள் உடைந்துபோன நிலையில் ஆற்றுநீரை இறைத்து வீரர்களுக்கு அளித்தது. அந்நாளின் நினைவாக உலகம் வைத்திருக்கும் படங்கள் பெரும்பாலும் கோபுரங்களின் படங்கள். படகுகளின் படங்களும் உள்ளன. அவற்றைத் தேடிச் சென்றுதான் காண வேண்டும். எழுந்தபோதும் வீழ்ந்தபோதும் உயரத்தையே நோக்கப் பழகிய கண்ணின் குறை இது.

தமிழ்க் கவிதைக்கு இந்தப் பார்வை புதியதன்று. பெருங்கலங்கள் வந்துசேர்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையின் தொடக்கப் பகுதியிலேயே உப்பு விற்று நெல்லோடு திரும்பிய பஃறிகளைக் காட்டுகிறார். கட்டப்பட்ட அப்படகுகளுக்கு லாயத்துக் குதிரைகளை உவமையாக்குகிறார். சரக்குப் படகுக்குப் போர்க்குதிரையின் மதிப்பைத் தந்த கண் அது. அபட் அம்மையார் 11-ஆம் துறைமேடையில் நின்றபோது கருவியின் வழியே பார்த்ததும் அத்தகைய கண்ணே எனலாம்.

நாவாய், வங்கம், அம்பி, பஃறி, திமில், தோணி, ஓடம் எனக் கலந்தோறும் ஒரு பெயரிட்ட மொழி தமிழ். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வேலை இருந்தது. அவ்வேலையைப் பார்த்தறிந்த ஒருவர் இருந்தார். இன்றைய துறைமுகத்தில் தள்ளுவதும், இழுப்பதும், தூர்வாருவதும், எண்ணெய் ஏற்றுவதும் தனித்தனிக் கலங்கள். கவிதையில் அவை அனைத்தும் 'கப்பல்' என்னும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. கப்பல் கரையணைந்ததும் வடத்தை அவிழ்த்துக்கொண்டு இழுவைப் படகு அடுத்த வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறது. பார்ப்பதற்குக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்களே. ஒளிப்படக் கலைஞன் அதற்காகக் கரையில் காத்து நிற்கிறான்; கவிஞனும் அவனருகே சென்று நிற்க இடமிருக்கிறது.