பிள்ளையோடு பத்து நிமிடம்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். ஏ.எல். வரைக்கும்தான் படிச்சனான். இங்கு மீன் தொழிற்சாலையில் வேலை. ஆகவே அறிவுரை சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம் ஒருநாள் என் ஆறு வயது மகனுக்கு அடிச்சுப்போட்டேன். நோர்வேயில் பிள்ளைக்கு அடிப்பது 1987 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. பார்னவேர்ன் பற்றி எங்கட சனம் பயந்து பயந்து கதைக்கிறதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் என்னைச் சுட்டது சட்டம் இல்லை. அடுத்தநாள் தலையைத் தடவக் கையைத் தூக்கினேன். பிள்ளை கண்ணை இறுக்கி மூடினான். அந்தக் கிழமையே பெற்றோர் வழிகாட்டல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

ஐ.சி.டி.பி. என்று சொல்லுவார்கள். கார்ஸ்டென் ஹுன்டெய்ட, ஹென்னிங் ரியே என்ற இரண்டு நோர்வேக்காரர் தொடங்கியது. 1995 முதல் அரசே இதைப் பெற்றோருக்கு நடத்துகிறது. தாய்மொழியிலும் குழுக்கள் உண்டு. எங்கள் குழுவில் எல்லோரும் தமிழர்.

முதல் வீட்டுவேலை: ஒருநாள் முழுக்கப் பிள்ளைக்குச் சொல்லுவதை எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதினேன். "எழும்பு. கெதியாய் உடுப்பைப் போடு. ரீவியை நிப்பாட்டு. சாப்பிடு. படு." பதினேழு வசனம், பதினாறு கட்டளை. மிச்சம் ஒன்று, "பால் முடிஞ்சுதோ?" அதுவும் மனைவியிடம் கேட்டது!

அந்த வகுப்பில் எட்டு விடயம் சொல்லித்தருவார்கள். அன்பை வெளியில் காட்டுவது, பிள்ளையின் விருப்பத்தின் வழியே போவது, அதைப்பற்றிக் கதைப்பது, பாராட்டுவது என்று போகும். எனக்குக் கஷ்டமாக இருந்தது இரண்டாவது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் அவன் காட்டுவதை நான் பார்க்க வேண்டும். அவனுக்குப் பனி தள்ளும் வாகனத்தில் பைத்தியம். விடிய யன்னலடியில் இரண்டுபேரும் நின்றோம். "அப்பா, ஊரில பனி கொட்டுமோ?" என்றான். மாரி மழையையும், வெள்ளத்தில் கடதாசிக் கப்பல் விட்டதையும் சொன்னேன். நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுகிற பிள்ளை அன்றைக்கு முழுக்கத் தமிழிலேயே கேள்வி கேட்டான்.

எட்டாவது விடயம் எல்லை போடுவது. எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. "கூடாது" என்றால் ஏன் என்று சொல்லி, வேறு ஒன்றையும் காட்ட வேண்டும். முந்தி ஐபாட்டைப் பறிப்பேன். இப்ப, "இந்த விளையாட்டோட நிப்பாட்டுவம், வா, ரொட்டி உருட்டுவம்" என்பேன். இரவு வேலை முடிந்து வந்து கத்துகிற நாளும் இன்னும் உண்டு. அப்ப மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒருநாள் மகன் கேட்டான், "உங்கட அப்பா உங்களோட விளையாடினவரோ?" செல் விழுந்த நாட்களில் எங்களைப் பங்கருக்குள் இறக்கிவிட்டு வாசலில் நின்றவர் என் அப்பா. கொஞ்சத் தெரியாது, ஆனால் அதுதான் அவருடைய அன்பு. அந்தக் காலத்தில் எங்களை உயிரோடு காப்பாற்றுவதே பெரிய வேலை. எனக்கு இங்கே பங்கர் இல்லை. பத்து நிமிடம் இருக்கிறது. அதைக்கூடக் கொடுக்காவிட்டால் யாரைக் குறை சொல்லுவது?

குறிப்பாகத் தகப்பன்மாரைக் கேட்கிறேன், அடுத்த குழுவுக்கு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.